டைல்ஸைத் திருப்பிப் பாருங்கள்

காலை ஏழு மணிக்குப் புதுப்பட்டினம் கடைத்தெருவில் நின்றால் கல்பாக்கம் வட்டாரத்துக் கட்டட வேலையெல்லாம் எங்கிருந்து புறப்படுகிறது என்று தெரிந்துவிடும். அணுமின் நிலையத்துக்கும் ஆராய்ச்சி மையத்துக்கும் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் ஒருபக்கம் நகர்கின்றன. மறுபக்கம் டீக்கடை வாசலில் கொத்தனார்களும் சித்தாள்களும் சாப்பாட்டுத் தூக்கோடு வண்டிக்குக் காத்து நிற்கிறார்கள். பைக்கின் பின்சீட்டில் கட்டிங் மெஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருப்பவர்கள் டைல்ஸ்காரர்கள். அவர்களைத் தேடித்தான் நான் போயிருந்தேன்.

என் தங்கை வீடு புதுப்பட்டினத்தில் இருக்கிறது. கூடத்தில் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன. போன மார்கழியில் ஒரு விடியற்காலை ‘டமார்’ என்று சத்தம். சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று ஓடிவந்து விளக்கைப் போட்டால், கூடத்தின் நடுவில் இரண்டு வரிசை டைல்ஸ் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக் கூரைபோல எழும்பி நிற்கிறது. அன்றைக்கு வேலை செய்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அந்தத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட ஒரு நல்ல மேஸ்திரி வேண்டும். “அக்கா, நீ வந்து பாரேன். எனக்கு எல்லா மேஸ்திரியும் ஒரே மாதிரிதான் பேசறாங்க” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். டீக்கடையில் பேசிய எல்லோருமே, “நாம போட்ட வேலை பாருங்கக்கா” என்று செல்போனை நீட்டினார்கள். பளபளக்கும் கூடங்கள், பூப்போட்ட குளியலறைச் சுவர்கள். பார்க்க எல்லாமே அழகு. டைல்ஸ் போட்டு முடித்துத் துடைத்த அன்றைக்கு எல்லார் வேலையும் அழகாகத்தான் இருக்கும். தங்கை வீட்டுக் கூடமும் கிரகப்பிரவேசத்தன்று அப்படித்தான் மின்னியது. அதனால் நான் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “இப்போ உங்க வேலை எங்க நடக்குது? வந்து பார்க்கலாமா?”

ஒருவர் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். இன்னொருவர் வேலை தூரத்தில் நடக்கிறது என்றார். ஐம்பது வயதைத் தொட்ட ஒரு மேஸ்திரி மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “இப்பவே வாங்க, வெங்கம்பாக்கத்துலதான் கூடம் போட்டுட்டிருக்கோம். ஆனா பாதி வேலையில பார்த்தா உங்களுக்குப் புரியுமா?” என்று கேட்டார். பாதி வேலையில் பார்ப்பதற்காகத்தான் வந்தேன் என்றேன்.

வெங்கம்பாக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. வீடு புது வீடு. கூடம் பன்னிரண்டு அடி அகலம், பதினெட்டு அடி நீளம். உள்ளே போனதும் என்னை ஆச்சரியப்படுத்தியது, அங்கே யாரும் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான். ஒரு பையன் தரையைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பூச்சு வேலையில் சிந்திய சிமென்ட் கட்டிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இன்னொருவர் ஆறடி நீள அலுமினியப் பட்டையைத் தரையில் சாய்த்து வைத்து, அதன் அடியில் எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். அவை பள்ளங்கள். அன்று காலை முழுக்க அவற்றை நிரவுவதுதான் வேலை.

“கம் போட்டு ஒட்டுறதுன்னா தரை முதல்லயே மட்டமா இருக்கணும்க்கா. பள்ளத்தைக் கம்மால ரொப்ப முடியாது, அது காயும்போது சுருங்கிடும்” என்றார் மேஸ்திரி. கம் என்று அவர் சொல்வது டைல்ஸ் அட்ஹெசிவ்வை. ஆறடிப் பட்டைக்கு அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அவர் டைல்ஸைத் தொடுவதில்லையாம். பழைய முறையில் ஒன்றரை, இரண்டு அங்குலக் கலவையைக் கொட்டி அதன்மேல் பதிக்கும்போது கலவையே மேடுபள்ளத்தை விழுங்கிவிடும். கம்மில் அந்த வசதி கிடையாது.

அடுத்து நூல் பிடித்தார்கள். கூடத்தின் மூலை சரியான செங்கோணம்தானா என்று பார்க்க, மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்று அடி, மறு சுவரில் நான்கு அடி அளந்து குறித்தார்கள். இரண்டு குறிக்கும் நடுவே குறுக்கே அளந்தால் ஐந்து அடி வரவேண்டும். அரை அங்குலம் குறைந்தது. சுவரே கோணல். சுவரை ஒட்டிக்கொண்டே டைல்ஸ் போட்டால் அந்தக் கோணல் கூடம் முழுக்கப் பரவும். அதனால் சுவரை விட்டுவிட்டு, வாசற்படியிலிருந்து கூடத்தின் நடுவே ஒரு நூலும் அதற்குக் குறுக்கே இன்னொரு நூலும் கட்டி, அங்கிருந்து கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘இரண்டுக்கு இரண்டு’ என்று நாம் வாங்கும் டைல்ஸ் உண்மையில் இரண்டு அடி கிடையாது, 600 மில்லிமீட்டர்தான். இரண்டு அடி என்பது கிட்டத்தட்ட 610 மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பன்னிரண்டு அடி அகலத்தில் ஆறு டைல்ஸும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சந்தும் விட்டு அடுக்கினால் கடைசியில் நாலரை சென்டிமீட்டர் மிச்சம் நிற்கிறது. அதில் விரல் அகலத் துண்டைச் செருகினால் கூடத்துக்கே அவலட்சணம், அந்தத் துண்டு சீக்கிரம் உடையவும் செய்யும். நல்ல மேஸ்திரி என்ன செய்கிறார் என்றால், நடுவில் ஐந்து முழு டைல்ஸை வைத்து, இரண்டு ஓரத்திலும் பாதிக்குச் சற்றுக் கூடுதலான துண்டுகளைச் சமமாக வைக்கிறார். நீளவாக்கில் எட்டு முழு டைல்ஸ், இரு முனையிலும் அதேபோலத் துண்டு. பார்வைக்கு அளந்து வைத்தது போல அமைகிறது.

ஆனால் இதற்கு விலை உண்டு. ஓரத்துண்டு ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் இருப்பதால் ஒரு டைல்ஸிலிருந்து இரண்டு துண்டு தேறாது. ஆக ஒரு வரிசைக்கு ஏழு, பத்து வரிசைக்கு எழுபது டைல்ஸ். பெட்டிக்கு நான்கு என்றால் பதினெட்டுப் பெட்டி. கடையில் சதுரடிக் கணக்குப் போட்டால் 216 சதுரடி, அதோடு பத்து சதவீதம் சேதாரம் சேர்த்துப் பதினைந்து பெட்டி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதிலும் ஒரு பிசகு இருக்கிறது. நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டியை 16 சதுரடி என்று வாய்க்கணக்காகச் சொல்கிறார்கள். பெட்டியின் மேலேயே 1.44 சதுர மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அது பதினைந்தரை சதுரடிதான். இந்த அரையரைச் சதுரடிகள் சேர்ந்துதான் கடைசி நாளில் ‘இன்னும் ரெண்டு பெட்டி வேணும்’ என்று நிற்கும். கடைக்கு ஓடினால் அதே பேட்ச் கிடைக்காது.

“அப்போ இந்த வெட்டின மிச்சமெல்லாம் வீணா?” என்று கேட்டேன். மேஸ்திரி ஓரத்தில் சாய்த்திருந்த துண்டுகளைக் காட்டினார். 600 நீளமும் 285 அகலமுமான மிச்சத்தை நீளவாக்கில் அறுத்தால் சுவரடியில் ஒட்டும் நாலங்குல ஸ்கர்ட்டிங் இரண்டு கிடைக்கும். கூடத்தின் சுற்றளவுக்குப் பெரும்பாலும் அதிலேயே தேறிவிடுகிறது. வரிசைக் கணக்கையும் ஸ்கர்ட்டிங்கையும் சேர்த்து யோசிக்கிறவரிடம் குப்பைக்குப் போவது கொஞ்சம்தான். எந்த மேஸ்திரியிடமும் வேலை கொடுக்கும் முன் நான் இனி கேட்கப்போகும் முதல் கேள்வி, “எங்க ஆரம்பிச்சு எங்க துண்டு வைப்பீங்க?” என்பதுதான். பதிலுக்கு அவர் டேப்பை எடுத்தால் நம்பலாம்.

கூடத்தின் மறுபாதியில் முந்தின நாளே நிரவி முடித்த இடத்தில் மதியத்துக்கு மேல் ஒட்டும் வேலை தொடங்கியது. வாளியில் கம்மைக் கலக்கினார்கள். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் பொடியைப் போட்டு, டிரில் மெஷினில் மாட்டிய துடுப்பால் கலக்கி, ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி ஒருமுறை கலக்கினார்கள். பல்லுக் கரண்டியால் தரையில் வாரினார்கள். ஏர் உழுததுபோலச் சால்கள் எல்லாம் ஒரே திசையில் நேர்கோடாக ஓடின. வளைத்து வளைத்துக் கோலம்போல வாரக் கூடாதாம். நேர்கோடாக இருந்தால் டைல்ஸை வைத்துக் குறுக்குவாக்கில் லேசாக நகர்த்தும்போது சால்கள் சரிந்து, உள்ளே இருக்கும் காற்று ஓரமாக வெளியேறும். வளைவாக இருந்தால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளும். டைல்ஸின் முதுகிலும் தட்டைக் கரண்டியால் மெல்லிசாகக் கம் இழுத்துவிட்டுத்தான் வைத்தார்கள்.

மூன்றாவது டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி மட்டம் பார்த்த பிறகு மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். ஒட்டிய டைல்ஸைக் கரண்டி நுனியால் நெம்பித் தூக்கித் திருப்பி என்னிடம் காட்டினார். முதுகு முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் ஒரு சால் தடம்கூட இல்லை, நான்கு மூலையிலும் கம் ஏறியிருந்தது. “ஒவ்வொரு புது கலவைக்கும் ஒரு கல்லை இப்படி எடுத்துப் பாப்பேன். ரொம்பத் தண்ணியா, ரொம்பக் கெட்டியான்னு இதுலதான் தெரியும்” என்றார். வீட்டுக்குள் நடக்கிற தரைக்கு டைல்ஸ் முதுகில் குறைந்தது எண்பது சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும், ஈரம் படும் இடத்துக்கும் வெளிப்புறத்துக்கும் தொண்ணூற்றைந்து என்பது அமெரிக்கத் தரவிதி. அவர் அந்த விதியைப் படித்தவரல்லர். ஆனால் அவர் தூக்கிக் காட்டிய டைல்ஸ் அதில் தேறியிருக்கும்.

விட்ரிஃபைட் டைல்ஸுக்கு ஏன் கம் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். சுவருக்குப் போடும் செராமிக் டைல்ஸ் ஒன்றையும் தரைக்கான விட்ரிஃபைட் ஒன்றையும் கவிழ்த்துவைத்து இரண்டின் முதுகிலும் தண்ணீர் தெளித்தோம். செராமிக் டைல்ஸ் கண்ணெதிரே தண்ணீரைக் குடித்துக் கருத்தது. விட்ரிஃபைடில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றது. சர்வதேசப் பகுப்பின்படி சுவர் டைல்ஸ் பொதுவாகத் தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் நீரை உறிஞ்சும் வகை; விட்ரிஃபைட் வகை அரை சதவீதத்துக்கும் கீழ். சிமென்ட் பிடிப்பது அந்த நுண்துளைகளுக்குள் இறங்கித்தான். துளையே இல்லாத முதுகில் வெறும் சிமென்ட் பாலை ஊற்றி வைத்தால் காய்ந்த பிறகு அட்டைபோல உரிந்து வந்துவிடும். அதற்காகத்தான் பாலிமர் கலந்த கம். செராமிக்கைக் கலவையில் பதிப்பதானால் குமிழி அடங்கும்வரை தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் அது கலவையின் ஈரத்தைக் குடித்து சிமென்ட்டை இறுக விடாமல் செய்துவிடும். விட்ரிஃபைடை ஊறப்போடுவதில் அர்த்தமே இல்லை. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வருகிற டைல்ஸ் இந்த இருபது இருபத்தைந்து வருடத்தில் முற்றிலும் மாறிவிட்டது. பல இடங்களில் பதிக்கும் முறைதான் இன்னும் பழைய செராமிக் காலத்திலேயே நிற்கிறது.

அட்ஹெசிவ்வுக்கு இந்தியத் தரநிலை இருக்கிறது, ஐஎஸ் 15477. மூட்டையின்மேல் அந்த எண்ணும், டைப் ஒன்று, டைப் இரண்டு என்று வகையும் அச்சாகியிருக்கும். டைப் ஒன்று வீட்டுக்குள் செராமிக்குக்கான சாதாரண ரகம். விட்ரிஃபைட் என்றால் டைப் இரண்டாவது வேண்டும். இருபது கிலோ மூட்டை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு நாற்பது சதுரடிக்குச் சற்று மேல் வரும். நூறு சதுரடிக்கு ஒரு மூட்டை போதும் என்று யாராவது சொன்னால் டைல்ஸுக்கு அடியில் என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அதை மறுநாளே சதுரங்கப்பட்டினத்தில் பார்த்தேன். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு, குளியலறைச் சுவர் வேலை. வேறொரு குழு. சின்னப் பையன்கள், வேகமான கை. டைல்ஸின் முதுகில் நான்கு மூலைக்குச் சற்று உள்ளே நான்கு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை கலவையை அப்பி, சுவரில் வைத்து அழுத்தித் தட்டுகிறார்கள். சுவர் கோணலாக இருந்தாலும் உருண்டையைப் பெரிதாக்கினால் டைல்ஸ் நேராக நின்றுவிடுகிறது. முகப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முந்தின நாள் ஒட்டியவற்றை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். நடுவில் ‘டக் டக்’. மூலைக்கு வந்தால் ‘பொக் பொக்’. அந்தப் பொக் என்ற இடத்துக்குப் பின்னால் வெறும் காற்று. சந்து வழியே இறங்கும் தண்ணீர் அங்கே தங்கும். வருங்காலத்தில் கண்ணாடி மாட்டவோ துணிக்கம்பி அடிக்கவோ டிரில் வைத்தால் அங்கேதான் டைல்ஸ் தெறிக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எல்லாரும் இப்படித்தானே ஒட்றாங்க” என்றார். எல்லாரும் அப்படித்தான் ஒட்டுகிறார்கள் என்பது உண்மைதான், அதனால் அது சரியாகிவிடாது. கோணல் சுவருக்கு மருந்து பூச்சுவேலை. முதலில் பூசி நேராக்கிவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும்.

அந்தக் குளியலறையில் எனக்கு அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். கலவைக்குப் பயன்படுத்தியது வீட்டு போர் தண்ணீர். நாக்கில் வைத்தாலே கரித்தது. இந்தக் கடலோரத்தில் கொஞ்சம் ஆழமாகப் போனால் உப்புத்தான் வருகிறது என்று இங்குள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் குழைத்த கலவை காய்ந்ததும் சந்துகளில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது; துடைத்தால் போகிறது, மறுமாதம் மீண்டும் வருகிறது. தரைக்குக் கீழே கான்கிரீட் தளத்தில் கம்பி இருக்கிறது, அதற்குக் குளோரைடு எமன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐஎஸ் 456. மூட்டை சிமென்ட்டுக்கும் கம்முக்கும் செலவழிக்கிறவர்கள் ஒரு டிராக்டர் நல்ல தண்ணீருக்கும் செலவழித்துவிட வேண்டும். மணலும் அப்படியே. எம்-சாண்ட் விலையைப் பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கத்து மணலை அள்ளிவந்து கலப்பது வீட்டுக்கு வைக்கிற வினை.

குளியலறைத் தரையில் டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. டைல்ஸ் தடுக்கும், சந்து தடுக்காது. தடுக்க வேண்டியது அதற்கடியில் பூசும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. தரையில் பூசிச் சுவரில் குறைந்தது ஓரடி ஏற்றி, ஷவர் இருக்கும் சுவரில் ஆளுயரத்துக்கு ஏற்றி, பிறகு தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பை அடைத்துவிட்டுத் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது நிறுத்திப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியவில்லை என்றால்தான் டைல்ஸ். வாட்டம் ஓரடிக்குக் கால் அங்குலம் இருந்தால் தண்ணீர் தங்காது. வெங்கம்பாக்கத்து மேஸ்திரி இதற்கு ஒரு எளிய சோதனை சொன்னார். வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டுப் போய்விடுங்கள், கால்மணி கழித்து வந்து எங்கே தேங்கியிருக்கிறது என்று பாருங்கள் என்றார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக்குப் பளபளப்பான டைல்ஸை நினைத்தே பார்க்கக் கூடாது. கடையில் சொரசொரப்பு ரகத்தைக் கேளுங்கள், கையைவிட ஈரக்காலை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இனித் தங்கை வீட்டுக் கூடம். அந்த மேஸ்திரியையே அழைத்துவந்து காட்டினேன். எழும்பி நின்ற டைல்ஸ் ஒன்றைத் திருப்பினார். முதுகு சுத்தமாக இருந்தது. தொழிற்சாலையில் பூசிய வெள்ளைத் தூளும் கம்பெனி முத்திரையும்கூட அழியவில்லை. கீழே கலவையில் அந்த முத்திரை கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிப் பதிந்திருந்தது. இத்தனை வருடமாகத் தங்கையும் குழந்தைகளும் நடந்த தரை ஒட்டவே இல்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தது. பிறகு அவர் சுவர் ஓரம் போய் ஸ்கர்ட்டிங்கை நெம்பினார். தரை டைல்ஸ் சுவரை முட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாமல் சிமென்ட்டால் இறுகியிருந்தது. நடுச் சந்துகளும் இல்லை. ‘கோடு தெரியாமல்’ போடச் சொல்வது இப்போது ஒரு மோகம்.

எழும்பியதற்குக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். புதுக் கான்கிரீட் காயக்காயச் சுருங்கும். மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்று வைத்தாலே பதினெட்டு அடி கூடத்தில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். மேலே டைல்ஸ் சுருங்குவதில்லை, வெயில் காலத்தில் கொஞ்சம் விரியவும் செய்கிறது. கீழே தளம் குறுகுகிறது, மேலே டைல்ஸ் நகர இடமில்லை. ஒட்டு வலுவாக இருந்தால் தாங்கும். ஒட்டும் இல்லை என்றால் அழுத்தம் ஒருநாள் மேல்நோக்கி வெடிக்கிறது. பூமி அதிர்ந்ததோ, வீடு பழுதோ, வாஸ்து குறையோ என்று பயப்பட இதில் ஒன்றுமில்லை. சுவரைச் சுற்றி ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அதைச் சிமென்ட்டால் அடைக்காமல் விட்டால் போதும், மேலே ஸ்கர்ட்டிங் வந்து மூடிவிடும், கண்ணுக்கே தெரியாது. டைல்ஸுக்கு டைல்ஸ் இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர். வெயில் நேரடியாகப் படும் மொட்டை மாடியிலும் முன்வாசலிலும் மூன்றுக்குக் குறையாமல் விட்டு, பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை நெளிந்து கொடுக்கிற சீலன்ட் போட்ட சந்து ஒன்று வேண்டும்.

கூலி பேச உட்கார்ந்தோம். சதுரடிக்கு எவ்வளவு என்ற எண் டைல்ஸ் சைஸைப் பொறுத்தும் ஊரைப் பொறுத்தும் மாறும். அதைப் பற்றி இங்கே எழுதிப் பயனில்லை. அந்த எண்ணுக்குள் எதெல்லாம் அடக்கம் என்பதில்தான் சண்டை வருகிறது. பழைய தரையை உடைப்பது யார், உடைத்த குப்பையை அள்ளுவது யார், நிரவும் வேலைக்குத் தனிக் கூலியா, ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக் கணக்கா, மூலையில் நாற்பத்தைந்து டிகிரி பட்டை அடிப்பதற்கு எவ்வளவு, சந்து அடைப்பது சேர்த்தா, எபாக்சி என்றால் கூடுதலா, ஸ்பேசரும் பிளேடும் யார் செலவு என்று தங்கை ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அடியில் கையெழுத்தும் போட்டார். “இப்படி எழுதிக்கிட்டா எனக்கும் நல்லதும்மா, கடைசியில நானும் கேட்டு நிக்க வேணாம்” என்றார். பணத்தை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு தரை நிரவி முடிந்ததும், ஒரு பங்கு ஒட்டி முடிந்ததும், மீதி சந்து அடைத்துத் தட்டிப் பார்த்த பிறகும்.

தட்டிப் பார்ப்பதோடு இன்னொரு சோதனையும் உண்டு. ஏடிஎம் கார்டை எடுத்து ஒரு டைல்ஸிலிருந்து அடுத்ததுக்குச் சந்தின் குறுக்கே தரையோடு தரையாகத் தள்ளுங்கள். கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். அது தட்டி நிற்காமல் போனால் வேலை நல்ல வேலை. ஓரத்தில் நின்றால் அங்கே ஒரு டைல்ஸ் உயர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு இடத்தில் அப்படி இருப்பது இயல்பு, டைல்ஸே லேசாக வளைந்து வருவதுண்டு. மரப்பலகை மாதிரி நீள டைல்ஸுக்கு இந்த வளைவு அதிகம். அதனால் அவற்றைப் பாதிக்குப் பாதி மாற்றி வைக்காமல், மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்க வேண்டும். பாதியில் வைத்தால் ஒன்றின் மேடான நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனையோடு மோதும்.

வேலை முடிந்ததும் அரைப் பெட்டியாவது அதே பேட்ச் டைல்ஸை மாடிப்படிக்கு அடியில் எடுத்துவைத்துவிடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் இருக்கும், அந்த அட்டையைக் கிழித்துப் பில்லோடு சேர்த்து வையுங்கள். வாங்கும்போதும் எல்லாப் பெட்டியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பேட்ச் என்றால் நிறம் மட்டுமல்ல, அளவிலும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரக்கூடும்.

வெங்கம்பாக்கத்தில் நின்ற நேரத்தில் என் மனதை உறுத்தியது ஒன்றே. ஸ்கர்ட்டிங் அறுத்த பையன் கட்டிங் மெஷினைக் காய்ந்த டைல்ஸில் ஓட்டினான். ஒரு நொடியில் அறை முழுக்க வெண்புகை. தலைமுடி, இமை, மூக்கு எல்லாம் வெள்ளை. முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும். அந்தத் தூசியில் இருப்பது சிலிக்கா. நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது. வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும், அதற்கு மருந்து கிடையாது. மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. “தண்ணி ஊத்தி அறுத்தா தூசி வராதுதான், ஆனா வீட்டுக்காரங்க சுவர் எல்லாம் சேறு தெறிக்குதுன்னு திட்றாங்க” என்றார். அவருக்கு இரவில் இருமல் உண்டு. இந்த வேலையில் முட்டி தேய்வதும், சிமென்ட் பட்டுக் கைத்தோல் வெடிப்பதும் சாதாரணம் என்றும் சொன்னார்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இலிருந்து இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் உதவித்தொகை, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. மேஸ்திரியிடம் அட்டை இருந்தது. அவரோடு வேலை செய்த பையன்கள் யாரிடமும் இல்லை. நீங்கள் வேலைக்கு வைக்கப்போகிறவரிடம் கூலி பேசும் அதே நோட்டில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அறுப்பது வீட்டுக்கு வெளியே, தண்ணீர் ஊற்றி. தெறிக்கிற சேற்றைக் கழுவிக்கொள்ளலாம். நல்ல முகக்கவசம் ஒன்று விலை அதிகமில்லை, வேலை தொடங்கும் அன்று நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.